கல்நார் தந்த புற்றுநோயும் அதற்கு மருந்து தேடிய நூறு வருடங்களும்

  

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் இந்தக் கதையில் அவர்களுக்குத்தான் அதிகப் பங்கு இருக்கிறது.

"சீட் கூரையால கென்சர் வருமாமே சேர், வந்தா மருந்து இருக்கா?" பெற்றார் கூட்டம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. இருக்கிறது என்று சொன்னாலும் பிழை, இல்லை என்று சொன்னாலும் பிழை. நாம் வைத்தியர் அல்ல, வரலாறு படிப்பிக்கிறவர்கள். எனவே எமக்குத் தெரிந்த வழியில், இந்த நோயையும் அதன் சிகிச்சையையும் மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாற்றின் ஊடாகப் பதில் சொல்லப் பார்க்கிறோம்.

*முதலில் அந்தக் கல்*

அஸ்பெஸ்டோஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்லாக இருந்துகொண்டே நார் நாராகப் பிரியும் கனிமம் அது. நெருப்புப் பிடிக்காது, உக்காது, சூட்டைக் கடத்தாது. இந்த மூன்று குணத்துக்காகவே உலகம் அதை விரும்பியது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று பல வகை உண்டு. 1900ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹட்ஷெக் என்பவர், கடதாசி செய்யும் இயந்திரத்தைப் போன்ற ஒன்றில் சீமெந்தையும் கல்நாரையும் கலந்து மெல்லிய தகடு வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். நாம் இன்று 'சீட்' என்று சொல்வது அந்தத் தகட்டின் வாரிசுதான். ஓட்டை விட மலிவு, வேலை சுருக்கு, தகரம் போலத் துருப்பிடிக்காது. ஏழை நாடுகளின் கூரையாக அது மாறியதில் ஆச்சரியம் இல்லை.

நமது பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிர் போனது. பிறகு யுத்தம், இடம்பெயர்வு. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவையும் மூதூரையும் சுனாமி அடித்தது. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் வீடு கட்டினோம். அவசரமாகக் கட்டும் வீட்டுக்கு இலகுவாகக் கிடைத்த கூரைகளில் ஒன்று சீட். அதைக் கட்டியவர்களை நாம் குறை சொல்லவில்லை. நமது வீட்டிலும் அதுதான் இருக்கிறது.

*துறைமுகத்துக்கு வந்த கல்நார்*

ஆனால் நமது மாவட்டத்துக்கு இந்தக் கல் முதலில் வந்தது கூரையாக அல்ல, கப்பலாக என்று சொல்வதே பொருத்தம். திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளமாக 1957 வரை இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கு வந்து போன கப்பல்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கின. அன்றைக்கே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1944 ஓகஸ்ட் மாதம், வலியன்ட் என்ற போர்க்கப்பலைத் திருத்துவதற்காகத் தூக்கி வைத்திருந்த மிதக்கும் திருத்துமேடை உடைந்து துறைமுகத்திலேயே தாழ்ந்தது. இவை வரலாற்றுப் பாடத்தில் வருபவை.

பாடத்தில் வராத ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கப்பல்கள் நீராவியால் ஓடியவை. கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் சூடு ஆறாமல் சுற்றி மூடக் கல்நார்தான் பாவிக்கப்பட்டது. கப்பலைத் திருத்தும்போது அந்தச் சுற்றை உடைத்து எடுக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத கீழ்த்தட்டில் தூசு மேகம் போல எழும்பும். சுற்றை உடைப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று ஆணி அடிப்பவரும் கூட்டுபவரும் அதைச் சுவாசிப்பார்கள். இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் திருத்துமிடத்தில் வைத்தியராக இருந்த ஹாரிஸ் என்பவர் 1968இல் இதைப் பற்றி எழுதினார். கல்நார்ச் சுற்று வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, மற்றத் தொழிலாளிகளும் நோயாளியாகியிருந்தார்கள் என்பதே அவர் காட்டிய பெரிய உண்மை. இன்றும் பிரித்தானியாவில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் இந்தப் புற்றுநோயால் இறக்கிறார்கள். அவர்களில் பலர் கப்பல் கட்டும் இடங்களிலும் கட்டட வேலைகளிலும் இளமையைக் கழித்தவர்கள்.

திருமலைத் துறைமுகத்தில் கூலிக்குச் சென்ற நமது பாட்டன்மாரின் நுரையீரல் எந்த வைத்தியரின் கட்டுரையிலும் பதியப்படவில்லை.

*நோயைக் கண்டுபிடித்த விதம்*

இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்கும் ஆலையில் வேலை செய்தவர் நெலி கேர்ஷோ. 1924இல் 33 வயதில் இறந்தார். அவரது நுரையீரலைச் சோதித்த வைத்தியர் குக், தழும்புகளுக்கு நடுவே கல்நார்த் துகள்கள் இருப்பதைக் கண்டு எழுதினார். 1927இல் அந்த நோய்க்கு அஸ்பெஸ்டோஸிஸ் என்ற பெயர் வந்தது. 1930இல் அரசாங்க அறிக்கை ஒன்று வெளிவந்தது. அடுத்த வருடம் தூசைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. இது நுரையீரல் தழும்பாகும் நோய். புற்றுநோய் பற்றிய உண்மை இன்னும் தாமதமாகத்தான் வெளியே வந்தது.

அந்தக் கதை தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரத்தில் நடக்கிறது. அங்கே காசநோய் வைத்தியசாலையை நடத்திய வைத்தியர் ஸ்லெக்ஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோர்த்து வரும் நோயாளிகளில் சிலருக்குக் காசநோய் மருந்து வேலையே செய்யவில்லை. அவர்கள் எந்த ஊர் என்று விசாரித்தால், பெரும்பாலும் நீலக் கல்நார் தோண்டும் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். வாக்னர் என்ற நோயியல் வைத்தியரோடும் மார்ஷண்ட் என்ற இன்னொருவரோடும் சேர்ந்து 1960இல் 33 நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கல்நாரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. எல்லோரும் சுரங்கத் தொழிலாளிகள் அல்ல. சிறுவயதில் சுரங்கக் கழிவு மேட்டில் விளையாடியவர்களும், அந்தப் பகுதியில் வெறுமனே குடியிருந்த பெண்களும் இருந்தார்கள்.

அந்தப் புற்றுநோயின் பெயர் மீசோதெலியோமா. இது நுரையீரலுக்கு உள்ளே முளைப்பதல்ல. நுரையீரலை உறை போலச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் வருவது. சிலருக்கு வயிற்றறையின் சவ்விலும் வரும்.

1965இல் லண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்ற இருவர் 76 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 9 பேர் கல்நார் ஆலையின் வாசலையே மிதிக்காதவர்கள். ஆலையில் வேலை செய்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். தூசு படிந்த உடுப்பை வீட்டில் உதறிக் கழுவியதுதான் அவர்களுக்கு வினையானது. சீட் வெட்டிவிட்டு வரும் கணவரின் சேர்ட்டை நமது பெண்கள் கையால் உதறுகிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விடயம், காலம். தூசு உள்ளே போவதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் இடையில் பெரும்பாலும் 20 முதல் 50 வருடங்கள் ஆகும். 18 வயதில் சீட் வெட்டிய பையனுக்கு 55 வயதில் மூச்சு முட்டும். அப்போது அவருக்கே அந்த வேலை மறந்து போயிருக்கும்.

*நமது நாட்டின் சட்டம்*

இலங்கை 1987இல் நீலக் கல்நாரைத் தடை செய்தது. வெள்ளைக் கல்நார் தொடர்ந்து வந்தது. அதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம் இல்லை. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்றே அதன் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. பிரித்தானியா 1999இல் முழுவதையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடை செய்தது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாருக்கு 2024இல்தான் தடை கொண்டு வந்தது.

நமது அரசாங்கமும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் காலத்தில் ஒரு திட்டம் போட்டது. 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024க்குள் கைவிடுவது என்பதே அது. 2017 டிசம்பரில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். நமது தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்குக் கல்நார் விற்கும் பிரதான நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் கல்நார்க் கட்டுப்பாடு பிற்போடப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன தொடர்பு என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளுங்கள். சீட் இன்றும் கடையில் இருக்கிறது.

*இனிச் சிகிச்சையின் கதை*

இங்கிருந்துதான் எமது பெற்றார் கேட்ட கேள்விக்குப் பதில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு சிறு கணக்குப் பாடம். வைத்திய ஆய்வுகளில் "இத்தனை மாதம் வாழ்ந்தார்கள்" என்று சொல்வது பெரும்பாலும் இடையம். சாதாரண தரக் கணிதத்தில் நாம் படித்த அதே இடையம்தான். நோயாளிகளை வாழ்ந்த காலப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. பாதிப் பேர் அதற்கு முன்னே போய்விடுவார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்வார்கள்.

ஆரம்ப காலத்தில் வைத்தியர்களால் செய்ய முடிந்தது நெஞ்சில் சேரும் நீரை ஊசியால் எடுப்பது மட்டும்தான். எடுத்தால் மூச்சு இலகுவாகும், பிறகு மீண்டும் சேரும். இதற்கு ஒரு வழி பிறந்தது. பின்னர் சீனாவில் சேவை செய்து புகழ்பெற்ற கனேடிய வைத்தியர் நோர்மன் பெதியூன், 1935இல் வேறொரு தேவைக்காக டல்க் தூளை நெஞ்சறைக்குள் தூவி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைக்கும் முறையை விபரித்தார். இடம் ஒட்டிவிட்டால் நீர் சேர இடமில்லை. அதே முறை இந்த நோய்க்கு இன்றும் பயன்படுகிறது. இன்னொரு வழி, மெல்லிய குழாயொன்றை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு வீட்டிலேயே நீரை வடிப்பது. மூச்சுத் திணறலைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமானவை என்று 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. இது நோயைக் குணமாக்காது. ஆனால் படுத்துத் தூங்க முடியாத ஒருவருக்குத் தூக்கம் கிடைப்பது சின்ன விடயமல்ல.

அடுத்தது கத்தி. 1976இல் இங்கிலாந்தில் புட்சார்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சகாக்களும் 29 பேருக்குச் செய்த ஒரு பெரிய சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதினார்கள். ஒரு பக்க நுரையீரல், அதன் உறை, இதயத்தின் மேலுறையில் ஒரு பகுதி, உதரவிதானம் எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டி எடுப்பது. 29 பேரில் 9 பேர் அந்தச் சத்திரசிகிச்சையோடேயே இறந்தார்கள். பிறகு கை பழகியது. அமெரிக்காவின் பொஸ்டனில் டேவிட் சுகர்பேக்கர் 1999இல் 183 நோயாளிகளின் விபரத்தைத் தந்தார். சத்திரசிகிச்சையோடு இறந்தவர்கள் 100க்கு 4 பேருக்கும் குறைவு. மருந்தும் கதிரும் சேர்த்துக் கொடுத்ததில் சிலர் நாலைந்து வருடங்கள் வாழ்ந்தார்கள். உலகமே நம்பிக்கை கொண்டது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. புலமைப்பரிசில் வகுப்பு நடத்தும் ஒரு ஆசிரியர், ஏற்கனவே 150 புள்ளி எடுக்கும் பிள்ளைகளை மட்டும் தெரிவு செய்து படிப்பித்துவிட்டு, "எனது வகுப்பில் எல்லோரும் சித்தி" என்று பதாகை கட்டினால் நாம் என்ன சொல்வோம்? பெரிய சத்திரசிகிச்சைக்குத் தெரிவாகிறவர்களும் உடல் பலமுள்ள, நோய் முற்றாத ஆட்கள். அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தது கத்தியாலா, அல்லது அவர்களது உடல் பலத்தாலா?

இதற்குப் பதில் காண ஒரே வழி, ஒரே மாதிரியான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சத்திரசிகிச்சை செய்து, மறுபகுதிக்குச் செய்யாமல் ஒப்பிடுவது. பிரித்தானியாவில் அதைச் செய்தார்கள். மார்ஸ் என்று பெயரிட்ட அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 50 பேர்தான், சிறிய ஆய்வு. நுரையீரலை எடுத்தவர்களின் இடையம் 14.4 மாதம், எடுக்காதவர்களின் இடையம் 19.5 மாதம். பிறகு, நுரையீரலை விட்டுவிட்டு உறையை மட்டும் உரித்தெடுக்கும் சத்திரசிகிச்சையை 335 பேரில் சோதித்தார்கள். 2024இல் முடிவு வந்தது. கீமோவோடு சத்திரசிகிச்சையும் பெற்றவர்கள் 19.3 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்கள் 24.8 மாதம். கத்தி பட்டவர்களுக்கு ஆரம்ப மாதங்களில் பாரதூரமான சிக்கல்களும் அதிகம்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம்பிய ஒன்றைச் சோதித்துப் பார்த்து, "பெரும்பாலானோருக்கு இது நன்மை தரவில்லை" என்று தாங்களே பிரசுரித்தார்களே, விஞ்ஞானத்தில் நாம் மதிக்க வேண்டிய குணம் அது. அங்கங்கே சில நிபுணர்கள் மிகக் கவனமாகத் தெரிவு செய்த நோயாளிகளுக்கு இன்னும் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். எனினும் "பெரிய ஒப்பரேஷன் செய்தால் தப்பலாம்" என்று கேட்டவுடன் காணியை எழுதிக் கொடுக்க நினைக்கும் எவரும் இந்த இரண்டு ஆய்வையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

வயிற்றறைச் சவ்வில் வரும் வகையின் கதை கொஞ்சம் வேறு. அங்கே கட்டிகளை அகற்றிவிட்டுச் சூடாக்கிய கீமோ மருந்தால் வயிற்றறையைக் கழுவும் முறை இருக்கிறது. 2009இல் பல நாட்டு வைத்தியசாலைகள் சேர்ந்து 405 பேரின் விபரத்தைத் தந்தன. இடையம் 53 மாதம். இவர்களும் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அந்த வகைக்கு இது கேட்டுப் பார்க்க வேண்டிய வழி.

மருந்தின் கதைக்கு வருவோம். நீண்ட காலம் எந்தக் கீமோவும் இந்த நோயை அசைக்கவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டெய்லர் என்ற இரசாயனவியலாளர் இருந்தார். வண்ணத்துப்பூச்சியின் சிறகு நிறத்தில் இருக்கும் ஒரு வகைச் சேர்வையில் அவருக்கு இளமையிலேயே ஆர்வம். அதே கட்டமைப்பு போலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்திலும் இருக்கிறது. அந்த உயிர்ச்சத்தை நம்பி வேகமாகப் பெருகும் புற்றுக் கலங்களை ஏமாற்றும் மருந்து ஒன்றைப் பல வருட உழைப்பில் உருவாக்கினார்கள். அதுதான் பெமெட்ரெக்செட். 2003இல் வெளிவந்த ஆய்வில் 456 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். பழைய சிஸ்பிளாட்டின் மருந்தை மட்டும் பெற்றவர்கள் 9.3 மாதம், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் 12.1 மாதம். அடுத்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மீசோதெலியோமாவுக்கென்றே அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து இது.

அந்த ஆய்வின் நடுவில் பக்கவிளைவு கடுமையாக இருந்ததால் போலிக் அமிலமும் விற்றமின் பி12உம் சேர்த்துக் கொடுத்தார்கள், பக்கவிளைவு குறைந்தது. இன்றும் இந்தக் கீமோ பெறுபவருக்கு அந்த விற்றமின்கள் கட்டாயம். "சும்மா விற்றமின்தானே" என்று நமது நோயாளிகள் அதை நிறுத்திவிடக் கூடாது.

கடைசியாக நோயெதிர்ப்புச் சிகிச்சை. நமது உடலின் காவல் கலங்களுக்கு 'பிரேக்' போன்ற பொறிகள் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துத் தப்பிக்கிறது. பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹொஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு மருந்தையும் 605 பேர் கொண்ட ஆய்வில் கீமோவோடு ஒப்பிட்டார்கள். கீமோவுக்கு 14.1 மாதம், புதிய மருந்துகளுக்கு 18.1 மாதம். மூன்று வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் கீமோவில் 100க்கு 15 பேர், புதியதில் 23 பேர். 2020 ஒக்டோபரில் அமெரிக்கா அனுமதித்தது. 2024இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கவும் அனுமதி வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தப் புற்றுநோயின் கலங்கள் மூன்று வகை: எபிதெலியொயிட், சார்கோமட்டொயிட், இரண்டும் கலந்தது. கீமோவுக்கு அவ்வளவாக மசியாத பின்னைய இரண்டு வகைகளுக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெரிய வித்தியாசத்தைக் காட்டியது. அதே ஆய்வில் கீமோவுக்கு 8.8 மாதம், புதிய மருந்துகளுக்கு 18.1 மாதம். முதல் வகையில் வித்தியாசம் சிறியது. எனவே சதைத் துண்டு எடுத்துச் சோதித்த அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பது மிக முக்கியம்.

விலை பற்றிப் பொய் சொல்லக் கூடாது. இந்தப் புதிய மருந்துகள் நமது சம்பளத்துக்கு எட்டாத விலை. அரசாங்க வைத்தியசாலைக்குப் போனவுடன் கையில் கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் பெமெட்ரெக்செட் இன்று வேறு கம்பனிகளாலும், குறிப்பாக இந்தியாவிலும், தயாரிக்கப்படுவதால் முந்திய விலையில் இல்லை.

*நம்பிக்கையும் ஏமாற்றும்*

ஸ்டீவ் மக்குயின் என்ற ஹொலிவூட் நடிகரை மூத்தவர்கள் அறிவார்கள். இளமையில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவில் இருந்தபோது கப்பல் குழாய்களில் கல்நார்ச் சுற்றை உரித்தவர். 1979இன் கடைசியில் மீசோதெலியோமா என்று தெரிந்தது. அன்று வைத்தியர்களிடம் நல்ல மருந்து இல்லை. அவர் மெக்சிகோவுக்குப் போய் அப்ரிகொட் கொட்டையில் இருந்து எடுத்த மருந்தும் வேறு பல 'இயற்கை' முறைகளும் எடுத்தார். 1980 நவம்பர் 7ஆம் திகதி 50 வயதில் இறந்தார். அந்தக் கொட்டை மருந்தை 178 புற்றுநோயாளிகளில் சோதித்த முடிவு 1982இல் வந்தது. யாருக்கும் உருப்படியான பலன் இல்லை, சிலரின் இரத்தத்தில் சயனைட் ஏறியிருந்தது.

பணமும் புகழும் இருந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், கையில் போனை வைத்துக்கொண்டு வரும் எல்லாச் செய்தியையும் நம்பும் நமக்கு என்ன நடக்கும்? இலைச்சாறு, பழக்கொட்டை, வெளியூர் 'ஹகீம்' தரும் போத்தல் என்று வரும் விளம்பரங்கள் கொஞ்சமல்ல. கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் பெயரால், வைத்தியத்தை விட்டுவிடச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982இல் வயிற்றறை மீசோதெலியோமா வந்தது. நூலகத்தில் தேடியபோது இடையம் 8 மாதம் என்று போட்டிருந்தது. நடுவில் நிற்பவரின் காலம் தனது காலம் அல்ல என்று அவர் புரிந்துகொண்டார். நோய் முற்றுமுன் தெரிந்தது, வயது இளமை, சிகிச்சை நல்லது. தான் வரிசையின் பின்பக்கத்தில் நிற்கலாம் என்று கணக்குப் பார்த்தார். அதற்குப் பிறகு 20 வருடம் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் ஒரு எண்ணைக் கேட்டவுடன் நோயாளியை உயிரோடு மையித்தாக்கிவிட வேண்டாம். ஆயுளின் கணக்கு அல்லாஹ்விடம்.

*நமக்கான சில விடயங்கள்*

முதலாவது, பயப்பட வேண்டிய அளவுக்கு மட்டும் பயப்படுவோம். உடையாமல், நொறுங்காமல் தலைக்கு மேல் இருக்கும் சீட்டால் வரும் ஆபத்து சிறியது. வெட்டுவது, துளைப்பது, உடைப்பது, உலர்ந்த பாசியைச் சுரண்டுவது, இவைதான் தூசைக் கிளப்பும். மின்சார வாளால் சீட் வெட்டும் தம்பிமாருக்குத்தான் பெரிய ஆபத்து. மேசன் பாஸ்மாரே, தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால், சரியான முகக்கவசம் போட்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் வெட்டுங்கள். தூசு பட்ட உடுப்பை உதறாமல் நனைத்துத் துவையுங்கள். உடைந்த துண்டைப் பாதைக் குழிக்குப் போட்டு நிரப்பாதீர்கள், வாகனம் ஏறி ஏறி அது தூளாகும். புதிதாகக் கட்டுபவர்கள் கல்நார் கலக்காத தகட்டையோ ஓட்டையோ விசாரியுங்கள்.

இரண்டாவது, சிகரெட். மீசோதெலியோமாவுக்குச் சிகரெட் காரணமல்ல. ஆனால் கல்நார்த் தூசும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பல மடங்காகும். சீட் வேலை செய்தவர் புகைப்பதை நிறுத்துவது இன்றைக்கே செய்யக்கூடிய வைத்தியம்.

மூன்றாவது, வேலை வரலாறு. கிம்பர்லியில் ஸ்லெக்ஸ் எந்த ஊர் என்று விசாரித்ததால்தான் இந்த நோயே உலகத்துக்குத் தெரிந்தது. நமது நாட்டில் நெஞ்சில் நீர் கோர்த்தால் முதலில் காசநோயைச் சந்தேகிப்பார்கள். அது சரிதான். ஆனால் மருந்துக்கு அது மசியவில்லை என்றால், "வாப்பா இருபது வருடம் கூரை வேலை செய்தவர்", "துறைமுகத்தில் கப்பல் திருத்தியவர்", "பழைய ஆலையில் கொதிகலன் பக்கம் நின்றவர்" என்று வைத்தியரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காவது, எங்கே போவது. கந்தளாய் வைத்தியசாலையில் தொடங்குங்கள். நெஞ்சு நோய்க்கு வெலிசறையும், புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையும் இருக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைத்தால், காணியை விற்கும் முன் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கல வகை? இந்தச் சிகிச்சை குணமாக்கவா, காலத்தை நீட்டவா, வேதனையைக் குறைக்கவா? இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, குடும்பமாக இருந்து பேசி முடிவெடுங்கள். நோயாளியையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாப்பாவுக்குத் தெரியாமல் வாப்பாவின் உடம்பைப் பற்றி முடிவெடுப்பது நமது ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அது சரியல்ல.

ஐந்தாவது, வலி. மோர்பின் கொடுத்தால் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். வலி தணிக்கும் சிகிச்சை கடைசி நாளுக்கு மட்டும் உரியதல்ல, முதல் நாளிலிருந்தே மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துக் கொடுக்கலாம். வலிக்கும் இடத்துக்குக் கதிர்ச் சிகிச்சையும் உதவும். வைத்தியர் குறிக்கும் அளவில் மோர்பின் எடுப்பதிலோ, சிகிச்சைக் காலத்தில் நோன்பை விடுவதிலோ சந்தேகம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது.

மருந்து இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு எமது பதில் இதுதான். பெரும்பாலானோரை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. காலத்தை நீட்டவும் மூச்சையும் வலியையும் இலகுவாக்கவும் 1960இல் இல்லாத பல வழிகள் இன்று இருக்கின்றன. நோய் வராமல் தடுக்கும் வழி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான், அந்தத் தூசைச் சுவாசிக்காமல் இருப்பது.

உங்கள் வீட்டிலோ அயலிலோ துறைமுகத்தில், ஆலையில், கூரை வேலையில் இளமையைக் கழித்த பெரியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே அவர்களோடு உட்கார்ந்து, எந்த வருடம், எங்கே, என்ன வேலை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியருக்கும் உதவும், நமது மாவட்டத்தின் எழுதப்படாத வரலாற்றுக்கும் உதவும். சீட் வேலை செய்யும் ஒருவருக்காவது இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள்.

நோயில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.